வாசா: அடிப்பாரம் இருந்தும் கவிழ்ந்த கப்பல்

1628 கோடையில் ஸ்டாக்ஹோம் அரண்மனைக்குக் கீழே கட்டிப்போட்டிருந்த ஒரு புதுப் போர்க்கப்பலின் மேல்தளத்தில் 30 பேர் ஓடினார்கள். ஒரு பக்கத்து விளிம்பிலிருந்து எதிர்ப் பக்கத்து விளிம்புக்கு எல்லோரும் சேர்ந்து ஓட வேண்டும், அப்புறம் திரும்பி ஓட வேண்டும். கப்பல் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பதற்கான சோதனை அது. முதல் ஓட்டத்தில் கப்பல் ஒரு பலகை அகலத்துக்குச் சாய்ந்தது. இரண்டாவதில் இரண்டு பலகை, மூன்றாவதில் மூன்று பலகை. போதும், நிறுத்துங்கள் என்றார் துணைத் தளபதி கிளாஸ் ஃபிளெமிங். இன்னும் ஓடினால் கரையிலேயே கவிழ்ந்துவிடும் என்ற பயம்.

அந்தக் கப்பல்தான் வாசா. ஆகஸ்ட் 10-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பயணத்துக்குப் பாய் விரித்தது. ஏறத்தாழ 1,300 மீட்டர் போனதும் மூழ்கியது.

வாசாவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அரசரின் பேராசை, பீரங்கிகளின் எண்ணிக்கை என்று பேசி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்த வழக்கில் முக்கியமாகப் படுவது இரண்டு சொற்கள். ஒன்று அடிப்பாரம், அதாவது பாலஸ்ட். அன்றைக்கு அந்தக் கப்பலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த சொல். இன்னொன்று மெட்டாசென்டர். அது பிறக்க இன்னும் 118 ஆண்டுகள் இருந்தன. இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன: படகு ஏன் நிமிர்ந்து நிற்கிறது, ஏன் கவிழ்கிறது? ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாசாவைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது.

டம்ளரும் தாம்பாளமும்

கப்பலுக்குப் போவதற்கு முன் சமையலறைக்குப் போவோம். ஓர் அண்டா நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, வெறும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை அதில் நிமிர்த்தி மிதக்க விடுங்கள். நிற்காது, பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். டம்ளருக்குள் சில்லறை நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு மறுபடி விடுங்கள். ஓர் அளவு வந்ததும் நேராக நிற்கும். விரலால் தட்டினாலும் ஆடிவிட்டு நிமிர்ந்துகொள்ளும். அந்த நாணயங்கள்தான் அடிப்பாரம். கப்பலின் அடியில் கல்லோ மணலோ நீரோ ஏற்றி, மொத்த எடையின் மையத்தைக் கீழே இழுப்பது அதன் வேலை. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் ஜல்லிக்கும் பாலஸ்ட் என்றுதான் பெயர், அது வேறு கதை.

இன்னும் நாணயம் போட்டுக்கொண்டே போங்கள். டம்ளர் மேலும் உறுதியாக நிற்கும், ஆனால் கீழே இறங்கிக்கொண்டே போகும். விளிம்பு தண்ணீரை நெருங்கும். கடைசியில் லேசாகத் தட்டினாலே விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறும். ஒரே நொடியில் டம்ளர் அடியில் கிடக்கும். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு தாம்பாளத்தை எடுத்து மிதக்க விடுங்கள். நாணயமே தேவையில்லை. தானாக நிற்கும். ஒரு பக்கம் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் திரும்பி வந்துவிடும். அதற்கு அடிப்பாரம் ஏது? அதைத் தாங்குவது அகலம். ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்தில் நிறையத் தண்ணீர் விலகுகிறது, விலகிய தண்ணீர் அந்தப் பக்கத்தை மேலே தள்ளுகிறது. வெறும் டம்ளருக்கும் இது நடக்கிறது, ஆனால் அதன் குறுகிய உடம்பில் அந்தத் தள்ளல் போதவில்லை.

இந்த அகலத்தின் கணக்கைச் சொல்லும் சொல்தான் மெட்டாசென்டர். படகு நேராக இருக்கும்போது, தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் நடுப்புள்ளியில் மிதப்பு விசை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதை மிதப்பு மையம் என்று வைத்துக்கொள்வோம். படகு சாய்ந்ததும் தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் வடிவம் மாறுகிறது, மிதப்பு மையம் சாய்ந்த பக்கத்துக்கு நகர்கிறது. நகர்ந்த இடத்திலிருந்து செங்குத்தாக மேலே ஒரு கோடு போடுங்கள். படகின் நடுக்கோட்டை அது எங்கே வெட்டுகிறதோ அந்தப் புள்ளிதான் மெட்டாசென்டர். படகை அதில் தொங்கவிட்ட ஊஞ்சல் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். எடை மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் படகு நிமிரும், மேலே போய்விட்டால் கவிழும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரிதோ, சிறு சாய்வுகளில் படகு அவ்வளவு உறுதி.

ஆக, அடிப்பாரம் எடை மையத்தைக் கீழே இறக்குகிறது. அகலம் மெட்டாசென்டரை மேலே ஏற்றுகிறது. அகலத்தின் வலு சாதாரணமானதல்ல. நீர்க்கோட்டில் படகின் அகலம் பத்து சதவீதம் கூடினால், சாய்வை எதிர்க்கும் தன்மை மூன்று மடி விகிதத்தில் கூடும், அதாவது ஏறத்தாழ 33 சதவீதம். அதைத் தண்ணீரில் அமிழ்ந்த கொள்ளளவால் வகுத்தால் மிதப்பு மையத்துக்கு மேலே மெட்டாசென்டர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது கிடைக்கும். இந்த வகுத்தலில்தான் அடிப்பாரத்தின் மறைவான விலை இருக்கிறது. கல் ஏற்ற ஏற்ற கப்பல் அமிழும், அமிழ்ந்த கொள்ளளவு கூடும், மெட்டாசென்டருக்குக் கிடைக்கும் உயரம் குறையும். வலது கை கொடுப்பதில் கொஞ்சத்தை இடது கை எடுத்துக்கொள்கிறது.

ஏராவை இதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தோணி கட்டுபவர்கள் ஏரா என்று சொல்லும் அடிமரம் கப்பலுக்கு முதுகெலும்பு. காற்று தள்ளும்போது கப்பல் பக்கவாட்டில் நழுவாமலும் அது பிடித்துக்கொள்கிறது. இன்றைய பந்தயப் பாய்ப்படகுகளில் ஈயத்தையோ இரும்பையோ கீழே நீட்டி அதையே அடிப்பாரமாகவும் ஆக்கிவிட்டார்கள், அதனால் ஏரா என்றாலே நிலைப்பு என்ற எண்ணம் வந்துவிட்டது. வாசாவின் ஏரா வெறும் மரம். அந்தக் கப்பலின் நிலைப்பு முழுவதும் கல்லையும் அகலத்தையும் நம்பித்தான் இருந்தது.

கப்பல்

ஸ்வீடன் அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் போலந்தோடு போரில் இருந்தார், பால்டிக் கடலுக்குப் பெரிய கப்பல்கள் வேண்டியிருந்தன. 1625 ஜனவரியில் கட்டுமான ஒப்பந்தம் போடப்பட்டது. பொறுப்பேற்றவர்கள் டச்சுக்காரரான ஹென்ரிக் ஹூபெர்ட்சனும் அவருடைய கூட்டாளி ஆரெண்ட் டி குரோட்டேவும். ஹென்ரிக் நோயில் விழுந்து 1627-இல் இறந்துபோனார். வேலையை முடித்தவர் ஹெய்ன் யாக்கப்சன்.

முன்நீட்டிய மரத்தையும் சேர்த்து நீளம் 69 மீட்டர். பாய்மர உச்சி வரை உயரம் 52 மீட்டருக்கு மேல். அகலம் 11.7 மீட்டர்தான். எடை 1,200 டன்னுக்குச் சற்றுக் கூடுதல். இரண்டு பீரங்கித் தளங்கள், மொத்தம் 64 பீரங்கிகள், அவற்றில் 48 பீரங்கிகள் 24 பவுண்டு குண்டு சுடுபவை. அடிவயிற்றில் சுமார் 120 டன் கல், இதுதான் அடிப்பாரம்.

பீரங்கிகளின் எடைதான் கப்பலைக் கவிழ்த்தது என்று பலரும் நம்புகிறார்கள். எல்லாப் பீரங்கிகளையும் சேர்த்தாலும் கப்பலின் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு அளவுதான் வரும். பெரிய தவறு கப்பலின் உடம்பிலேயே இருந்தது. நீர்க்கோட்டுக்கு மேலே இருக்கும் மரக்கட்டு முழுவதும் தேவைக்கு மிஞ்சிய கனம், தளங்களுக்கு இடையே தேவைக்கு மிஞ்சிய உயரம். இரண்டு பீரங்கித் தளங்களைச் சுமப்பதற்காகத் தடித்தடியாக மரம் போட்டு அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். எடை மையம் மேலே ஏறிவிட்டது. கீழேயோ வயிறு ஒடுங்கிய வடிவம். நம் டம்ளர்தான்.

சோதனையில் தெரிந்தது

அந்த 30 பேருக்கு வருவோம். ஒருவருக்கு 65 கிலோ என்று வைத்தாலும் மொத்தம் இரண்டு டன்னைத் தொடாது. அதாவது கப்பலின் எடையில் அறுநூறில் ஒரு பங்கு. அவ்வளவு எடை பத்து மீட்டர் போலப் பக்கவாட்டில் நகர்ந்ததற்கே தளபதி பயந்து நிறுத்தும் அளவுக்குக் கப்பல் சாய்ந்திருக்கிறது.

இன்றைக்கு ஒவ்வொரு புதுக் கப்பலுக்கும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள். தெரிந்த எடையைத் தெரிந்த தூரம் நகர்த்துவது, சாய்ந்த கோணத்தைத் தூக்குக்குண்டு கட்டி அளப்பது. எடையைத் தூரத்தால் பெருக்கி, கப்பலின் எடையாலும் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டாலும் வகுத்தால் எடை மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் உள்ள இடைவெளி கிடைத்துவிடும். ஃபிளெமிங்குக்கு முன்னால் எல்லாமே இருந்தன. ஆட்கள் இருந்தார்கள், தளத்தின் அகலம் தெரியும், சாய்வு பலகைக் கணக்கில் கண்ணெதிரே தெரிந்தது. ஓட்டத்தை நிறுத்தி, எல்லோரையும் ஒரு பக்கம் நிற்கச் சொல்லி அளந்திருந்தால் போதும். ஆனால் அந்த எண்களை எதற்காக ஒன்றுசேர்க்க வேண்டும் என்று சொல்லும் கருத்து அப்போது யாரிடமும் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கப்பலின் உள்வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்த யோரன் மாட்சன் அந்த நேரத்தில் சரியான இடத்தைத் தொட்டார். கப்பல் அடியில் குறுகலாக இருக்கிறது, போதுமான வயிறு இல்லை என்று சொன்னார். பின்னால் விசாரணையில் அவரே சொன்ன சாட்சியம் இது. அவர் சொன்ன ‘வயிறு’ என்ற சொல்லுக்குள் மெட்டாசென்டர் முழுதாக ஒளிந்திருக்கிறது. கடலில் பழகிய உடம்புக்கு அது தெரிந்திருக்கிறது. கணக்காகச் சொல்லத்தான் வழியில்லை. தளபதியோ, அடிப்பாரம் ஏற்கெனவே அதிகம், பீரங்கி வாய்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிட்டன என்று சொன்னதாகவும் மாட்சன் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் சொன்னது உண்மை. வயிறு போதவில்லை என்பதும் உண்மை, இனி எடை ஏற்ற இடமில்லை என்பதும் உண்மை. இப்படி ஒரு முட்டுச் சந்தில் நிற்கும் கப்பலை அடிப்பாரம் என்ற ஒரே சொல்லை வைத்துக் காப்பாற்ற முடியாது.

அரசர் அப்போது பிரஷ்யாவில் இருந்தார். கப்பல் சீக்கிரம் வேண்டும் என்ற அவசரம் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. சோதனையின் முடிவை வைத்தே கப்பலை நிறுத்தும் துணிவு யாருக்கும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

கப்பலில் சுமார் 150 பேர் இருந்தார்கள். முதல் கட்டப் பயணம் என்பதால் மாலுமிகளின் மனைவி, குழந்தைகளும் உடன்வர அனுமதி. 300 வீரர்கள் வழியில் ஏறுவதாக ஏற்பாடு. காற்று லேசாகத்தான் இருந்தது. முதலில் கரையோரமாகக் கயிறு கட்டி இழுத்துப்போனார்கள், அப்புறம் பத்துப் பாய்களில் நான்கை மட்டும் விரித்தார்கள். மரியாதைக்குப் பீரங்கி முழங்கியது. கீழ்த் தளத்துப் பீரங்கி வாய்கள் எல்லாம் திறந்தே இருந்தன.

தெற்குக் கரையின் மேட்டு மறைவை விட்டு வெளியே வந்ததும் ஒரு காற்று வீச்சு. கப்பல் இடப்பக்கம் சாய்ந்து மெல்ல நிமிர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு வீச்சு. இந்த முறை சாய்ந்தது சாய்ந்ததுதான். கீழ்த் தளத்துப் பீரங்கி வாய்கள் தண்ணீரைத் தொட்டன, கடல் வரிசையாக உள்ளே பாய்ந்தது. டம்ளரின் விளிம்பைத் தண்ணீர் தாண்டிய அதே நொடி. உள்ளே வந்த தண்ணீர் சாய்ந்த பக்கத்திலேயே சேர்ந்து, சாய்வை இன்னும் கூட்டும். 32 மீட்டர் ஆழத்தில் போய் நின்றது கப்பல், பாய்மர உச்சிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. சுமார் 30 பேர் இறந்தார்கள். கரை முழுக்க ஊர்ச்சனம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

விசாரணை

கேப்டன் சோஃப்ரிங் ஹான்சனை உடனே பிடித்து விசாரித்தார்கள். செப்டம்பர் 5-ஆம் தேதி அரண்மனையில் முறையான விசாரணை நடந்தது. குடித்திருந்தீர்களா? பீரங்கிகளைச் சரியாகக் கட்டவில்லையா? அடிப்பாரம் போதுமான அளவு ஏற்றினீர்களா? கேள்விகளைக் கவனித்தால் எல்லாமே யாரோ ஒருவர் செய்யாமல் விட்ட வேலையைத் தேடுகின்றன. யாரும் குடித்திருக்கவில்லை, பீரங்கிகள் கட்டித்தான் இருந்தன, கல்லும் ஏற்றித்தான் இருந்தது.

கட்டியவர்கள் பக்கம் திரும்பினார்கள். அரசர் ஒப்புதல் தந்த அளவுகளின்படிதான் கட்டினோம் என்றார்கள். யாக்கப்சன் ஒன்று சொன்னார்: தான் பொறுப்பேற்ற பிறகு கப்பலின் அகலத்தை ஓர் அடி ஐந்து அங்குலம் கூட்டியதாக. எனக்கு இந்த வழக்கின் மிக முக்கியமான வரி இதுதான். அகலம் போதாது என்று ஒரு தச்சனின் கைக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அடிப்பகுதி ஏற்கெனவே உருவாகிவிட்டது, அதற்கு மேல் விரிக்க வழியில்லை. எவ்வளவு விரித்தால் போதும் என்று சொல்லும் கணக்கும் இல்லை. சரி, அப்படியென்றால் குற்றம் யாருடையது என்று கேட்டபோது டி குரோட்டே தந்த பதில், கடவுளுக்குத்தான் தெரியும் என்பது. யாருக்கும் தண்டனை இல்லாமல் விசாரணை முடிந்தது.

அதை மழுப்பல் பதில் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அன்றைய அறிவின் எல்லையில் நின்று பார்த்தால் அது நேர்மையான பதில். ஐரோப்பாவின் மிகச் சிறந்த கணித மூளைகளில் ஒருவரான சைமன் ஸ்டெவின், இருபது ஆண்டுகளுக்கு முன் 1608-இல், எடை மையம் மிதப்பு மையத்துக்குக் கீழே இருந்தால்தான் கப்பல் நிற்கும் என்று எழுதியிருந்தார். நீருக்குள் முழுக்க மூழ்கி நிற்கும் பொருளுக்கு அது சரி. மேலே மிதக்கும் கப்பலுக்குத் தவறு. பெரும்பாலான கப்பல்களில் எடை மையம் மிதப்பு மையத்துக்கு மேலேதான் இருக்கிறது, அவை நன்றாகவே மிதக்கின்றன, அகலத்தின் தயவில். அடிப்பாரத்தை மட்டும் பார்த்தால் மேதைக்கும் இந்த இடம் பிடிபடாது.

சொல் பிறந்தது மலையில்

1735-இல் பூமியின் வடிவத்தை அளக்க ஒரு பிரெஞ்சுக் குழு பெருவுக்குப் புறப்பட்டது. அதில் இருந்த பியேர் பூகேர், ஆண்டிஸ் மலைகளில் அளவை வேலை பார்த்த அந்த ஆண்டுகளில் கப்பல் கணக்கையும் போட்டுக்கொண்டிருந்தார். 1746-இல் வெளிவந்த அவருடைய கப்பல் நூலில்தான் மெட்டாசென்டர் என்ற சொல் முதலில் வருகிறது. லியோனார்ட் ஆய்லர் இன்னொரு வழியில் இதே இடத்துக்கு வந்து 1749-இல் தன் நூலை வெளியிட்டார். அதற்கு முன் தச்சர்கள் என்ன செய்தார்கள் என்றால், தள்ளாடும் கப்பலின் நீர்க்கோட்டை ஒட்டி வெளிப்பக்கம் கூடுதல் பலகை அடித்து இடுப்பைப் பெருக்கினார்கள். இங்கிலாந்தில் அது வழக்கமான வைத்தியம். மெட்டாசென்டரை மேலே ஏற்றுகிறோம் என்று தெரியாமலே ஏற்றினார்கள்.

இரண்டு சொற்களும் கையில் இருக்கும் காலத்திலும் தவறு நடக்கிறது. 2014 ஏப்ரல் 16-இல் தென் கொரியாவில் சேவோல் என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்து 304 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அந்தக் கப்பலில் பின்பக்கம் மேலே அறைகள் கூட்டிக் கட்டியதில் எடை மையம் ஏறியிருந்தது. அதற்கு ஈடாக அடியில் நீர்ப்பாரம் கூடுதலாகவும் சரக்கு குறைவாகவும் வைக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. நடந்தது நேர்மாறு. அனுமதித்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சரக்கை ஏற்றி, அது தெரியாமலிருக்க அடிப்பாரத் தண்ணீரைக் குறைத்தார்கள். கப்பல் எவ்வளவு அமிழலாம் என்று வெளிப்பக்கம் வரைந்திருக்கும் கோடு சரியான உயரத்தில் இருக்கும், மொத்த எடையை மட்டும்தான் அந்தக் கோடு காட்டும். அந்த எடை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று காட்டாது. வாசாவில் அறியாமல் நடந்ததை இங்கே தெரிந்தே செய்தார்கள். இதை எழுதும்போது கோபம்தான் வருகிறது.

பழம்

வாசாவை 1956-இல் ஆண்டர்ஸ் ஃப்ரான்சேன் தேடிக் கண்டுபிடித்தார், 1961 ஏப்ரல் 24-ஆம் தேதி அது மேலே வந்தது. பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே வாழாது, அதனால் 333 ஆண்டு கழிந்தும் உடம்பு முழுசாக இருந்தது. இன்றைக்கு ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் அதன் பக்கத்தில் நின்று, கீழ்த் தளத்துப் பீரங்கி வாய்களிலிருந்து மேலே பார்த்தால் மரம் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு கப்பலும் இருந்தது. பெயர் எப்லெட், ஸ்வீடிஷ் மொழியில் ஆப்பிள் பழம். வாசா மூழ்கியபோது யாக்கப்சன் அதைக் கட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை அகலத்தை நன்றாகக் கூட்டினார். 1629-இல் தண்ணீரில் இறங்கிய எப்லெட் கவிழவில்லை. முப்பதாண்டுப் போரில் கலந்துகொண்டது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடற்படையில் இருந்தது. 1658-இல் அதற்கு ஓய்வு கொடுத்து, அடுத்த ஆண்டு வாக்ஸ்ஹோம் தீவுக்கு அருகே வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள், எதிரிக் கப்பல்கள் வராமல் அடைப்பதற்காக. 2021 டிசம்பரில் அங்கே முக்குளித்தவர்கள் ஒரு பெரிய மர உடம்பைக் கண்டார்கள். உத்தரங்களை அளந்து, மரத்துண்டுகளை எடுத்துச் சோதித்தார்கள். 1627-இல் வெட்டிய ஓக் மரம். மேலாரன் ஏரிப் பகுதியில், வாசாவுக்கு மரம் வெட்டிய அதே இடத்தில் வளர்ந்தது.